நனைந்த தானியமும் பழுதான எஞ்சினும்

கல்முனைக் கடற்கரையில் விடியுமுன்னரே வாழ்வு விழித்துக்கொள்கிறது. கரைவலையிலும் இயந்திரப் படகிலும் வந்த மீன் மணலிலேயே கைமாறுகிறது, பனிக்கட்டி உடைபடுகிறது, பெட்டிகள் நிறைகின்றன. மருதமுனை தொடங்கிப் பொத்துவில் வரை நீண்டு கிடக்கும் இக்கரையோர ஊர்களுக்குப் புகையிரதம் இல்லை. இருப்புப் பாதை மட்டக்களப்போடு நின்றுவிடுகிறது. ஆகவே கடலின் மீனும், சம்மாந்துறை வயலின் நெல்லும், மருதமுனைத் தறியின் துணியும் வெளியூர் காண வேண்டுமாயின் தெருவழியேதான் போயாக வேண்டும். அவற்றைச் சுமந்து செல்பவற்றுள் நம்மூரார் ‘கெப்’ என்றழைக்கும் பிக்கப் வண்டிகள் பல. இவ்வண்டிகளை வைத்துப் பிழைப்போர் இருவர் மூவர் தேநீர்க் கடையில் கூடினால், அவர்களது பேச்சு மீனின் விலையைப் பற்றித் தொடங்கி எஞ்சினின் ஓசையில் வந்து முடிகிறது. காலையில் கிளப்பும்போது கேட்கும் அந்தத் தட்டொலி எதனால்? எண்ணெய் ஏன் குறைகிறது? வெண்புகை ஏன் வருகிறது? இன்னும் எத்தனை ஆயிரம் கிலோமீற்றர் ஓடும்?

இக்கவலையை இயந்திரம் பற்றிய சில்லறைக் கவலையென்று ஒதுக்கிவிட நம்மால் முடியவில்லை. அதன் அடியில் ஓர் அறக்கேள்வி கிடக்கிறது. பிறர் கண்ணுக்குத் தெரியாத குறையை உடைய பொருளொன்று கைமாறும்போது, அந்தக் குறைக்கு யார் பொறுப்பாளி? செய்தவனா, விற்றவனா, வாங்கியவனா? இதனினும் கடினமான கேள்வி இன்னொன்று: குறையுள்ள பொருளைத் தன்னையறியாது வாங்கி ஏமாந்தவன், அதே குறையை மறைத்து இன்னொருவனுக்கு விற்கலாமா?

நாம் அறிந்த மீன் வியாபாரி ஒருவரின் கதையிலிருந்து தொடங்குவோம். அவர் கல்முனையில் மீன் வாங்கிக் கண்டிக்கு ஏற்றிச் செல்பவர். இருந்த சேமிப்பை முற்பணமாகக் கட்டி, மீதியை லீசிங்கில் போட்டு, கெப் ஒன்றை வாங்கினார். ஊர் அவரை ‘வாகனச் சொந்தக்காரர்’ என்றது. பதிவுப் புத்தகத்திலோ முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் கொம்பனியின் பெயரே இருந்தது. மாதத் தவணை அவருடையது. டயரும் டீசலும் அவருடையவை. இரவு விழிப்பும் அவருடையது. முதலாளி என்ற பெயர் சூட்டப்பட்ட தொழிலாளி என்று அவரைச் சொல்வதே பொருந்தும். ஒருநாள் மகியங்கனைக்கு அப்பாலுள்ள பதினெட்டு வளைவு ஏற்றத்தில், பெட்டி நிறைய மீனோடு எஞ்சின் நின்றது. பனிக்கட்டி உருகியது. மீன் கெட்டது.

எஞ்சினைக் கழற்றிப் பார்த்த கராஜ்காரர் காரணத்தைத் தெளிவாகச் சொன்னார். டீசலை அறைக்குள் பீய்ச்சும் இன்ஜெக்டரின் அடியில் சிறிய செப்பு வளையம் ஒன்று உண்டு. அது இறுக்கம் இழந்தால் எரிந்த வாயு கசிந்து எஞ்சின் எண்ணெயோடு கலக்கும். எண்ணெய் கரியாகித் தடிக்கும். அடித்தொட்டியிலிருந்து எண்ணெயை உறிஞ்சும் சல்லடையை அக்கரி மெல்ல மெல்ல அடைக்கும். எண்ணெய் ஏறாத பெயாரிங்குகள் தேய்ந்து உருகும். சில சதம் பெறும் வளையத்தில் தொடங்கிய கேடு, பல இலட்சம் பெறும் எஞ்சினின் மரணமாக முடிகிறது. “இதே மாதிரி இன்னும் நாலஞ்சு வண்டி நம்மட கராஜுக்கு வந்திருக்கு, தம்பி” என்றார் அவர். வியாபாரியோ, “என்ன செய்யிற காக்கா, நம்மட நசீபு” என்று சொல்லி எழுந்தார்.

இவ்விரு வாக்கியங்களுக்கும் இடையில் எவ்வளவு தூரம்! ஒருவர் எண்ணிக்கை சொல்கிறார். மற்றவர் விதி சொல்கிறார். நாம் ஆராய வேண்டியது இந்தத் தூரத்தைத்தான்.

நசீபு என்ற சொல்லுக்கு வியாபாரி எளிதில் வந்துவிடவில்லை. அவரை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். விற்பனை முகவரிடம் போனார்: டீசல் கெட்டது, 2022-ஆம் ஆண்டின் எரிபொருள் பஞ்சத்தில் கேனில் வாங்கி ஊற்றியிருப்பீர் என்றார்கள். எரிபொருள் நிலையத்தில் கேட்டார்: டீசலில் குறையில்லை, பாரம் கூடியிருக்கும் என்றார்கள். இன்னொருவர் சாரதியைப் பழித்தார். வேறொருவர் கராஜைப் பழித்தார். எல்லோருடைய விரலும் சுற்றிச் சுற்றி வந்து, சுட்டுவதற்கு வேறு விரல் இல்லாத மனிதனிடமே நின்றது. அவனுக்கு எஞ்சினின் உள்ளே என்ன நடந்தது என்று நிரூபிக்கக் கருவியில்லை, பணமில்லை, நேரமுமில்லை. வண்டியைத் தள்ளிவிட்டு வேறு வாங்கவும் வழியில்லை. 2020 மார்ச் மாதம் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2024 இறுதியிலும் 2025 பெப்ரவரியிலுமே படிப்படியாகத் தளர்த்தப்பட்டது. ஏறக்குறைய ஐந்தாண்டுகள் நாட்டில் கிடந்த பழைய வண்டிகளே கைமாறிக் கைமாறி விலையேறின. விலையேற ஏற, அவற்றுள் கிடந்த பழுதும் விலையேறியது.

தனி மனிதனின் விதி என்று தோன்றுவது, எண்ணிப் பார்த்தால் வேறாகிவிடுகிறது. அவுஸ்திரேலியாவில் நடந்ததைப் பாருங்கள். 2015 ஒக்டோபர் முதல் 2020 ஏப்ரல் வரை அங்கே விற்கப்பட்ட டொயோட்டாவின் ஹைலக்ஸ், பிராடோ, போர்ச்சூனர் டீசல் வண்டிகளில் புகைக்கரியை வடிக்கும் அமைப்பு, நெடுந்தூரம் வேகமாக ஓடும் நிலையில் சரிவர இயங்கவில்லை. வெண்புகை வந்தது, டீசல் கூடுதலாகச் செலவாயிற்று. ஒவ்வொருவரும் தத்தம் வண்டிக்கு மட்டும் வந்த நோயென்று எண்ணியிருக்கக்கூடும். அவர்கள் கூட்டாக வழக்காடியபோது தொகை தெரிந்தது: 264,170 வண்டிகள். விற்கப்பட்ட நாளிலேயே குறை உள்ளே இருந்தது என்றும், அதனால் வண்டியின் பெறுமதி 17.5 வீதம் குறைந்தது என்றும் 2022-இல் கூட்டாட்சி நீதிமன்றம் கூறியது. மேன்முறையீட்டில் 2023-இல் அது 10 வீதமாயிற்று. 2024 நவம்பரில் வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்று, இழப்பைக் கணக்கிடும் முறை பற்றிய கேள்வியோடு மீண்டும் கீழிறங்கியது. வீதம் ஏறலாம், இறங்கலாம். நமக்கு முக்கியமானது வேறு. வெண்புகை கண்டவனின் வண்டியிலும் இன்னும் காணாதவனின் வண்டியிலும் குறை ஒன்றே என்பதை அந்நாட்டுச் சட்டம் ஏற்றுக்கொண்டது. ‘ஏற்கத்தக்க தரம்’ இல்லாத பொருளுக்கு உற்பத்தியாளனையே நேரே பொறுப்பாக்கும் நுகர்வோர் சட்டம் அங்கே இருந்தமையே அதற்குக் காரணம்.

அமெரிக்காவிலும் இதுவே கதை. 2024-இல் டொயோட்டா, டன்ட்ரா பிக்கப்புகள் உட்பட ஏறத்தாழ 102,000 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. தொழிற்சாலையில் உலோகத்தைக் கடைந்தபோது சிதறிய துகள் எஞ்சினுள் எஞ்சிவிட்டது என்பதே காரணம். 2025-இல் ஜெனரல் மோட்டார்ஸ் அந்நாட்டில் மட்டும் ஏறக்குறைய 6 இலட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. கிராங் தண்டிலும் அதனோடு இணைந்த கொன்ரொட்டிலும் உற்பத்திக் குறை. அதற்கு முன் 28,000-க்கு மேற்பட்ட முறைப்பாடுகள் குவிந்திருந்தன. இருபத்தெட்டாயிரம் முற்றங்களில் இருபத்தெட்டாயிரம் மனிதர் தனித்தனியே தம் அதிர்ஷ்டத்தை நொந்திருப்பர். அவை ஒரே ஏட்டில் எழுதிக் கூட்டப்பட்டதனால் அதிர்ஷ்டம் குறையாயிற்று, குறை பொறுப்பாயிற்று.

கல்முனையில் எண்ணுவோர் யார்? கராஜ்காரரின் நினைவில் ‘நாலஞ்சு வண்டி’ இருக்கிறது; அது ஏட்டில் ஏறவில்லை. பிறநாட்டில் ஓடிப் பழையதாகி, கடல் கடந்து, இரண்டு மூன்று கை மாறிய வண்டியைத் தேடிக்கொண்டு திரும்ப அழைக்கும் அறிவித்தல் எதுவும் நம் ஒழுங்கைக்குள் வருவது அரிது. எண்ணப்படாத துன்பம் விதியென்ற பெயரைப் பெறுகிறது. இதை நாம் எவருடைய நம்பிக்கையையும் பழித்துச் சொல்லவில்லை. மனிதன் செய்த குறையை இறைவன் தலையில் ஏற்றுவது சமயத்துக்கும் இழுக்கு என்றே சொல்கிறோம்.

குறை எப்படி உண்டாகிறது? பட்டறையில் நின்ற தொழிலாளியின் கவனமின்மை என்று சொல்லிவிடுவது எளிது. மருதமுனை நெசவாளியை நினைத்துப் பாருங்கள். இழை அறுந்தால் அவன் தறியை நிறுத்துகிறான். முடிந்துவிட்டு மீண்டும் நெய்கிறான். தறியின் வேகம் அவன் கையில் இருக்கிறது. வாங்குபவனும் துணியை விரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறான். பெருந்தொழிற்சாலையில் வேகம் தொழிலாளியின் கையில் இல்லை. விற்பனைக் கணக்கின் கையில் இருக்கிறது. ஜப்பானின் ஹீனோ லொறிக் கொம்பனி, எஞ்சின்களின் புகை அளவு, எரிபொருட் செலவு பற்றிய பரிசோதனைத் தரவுகளைத் திரித்ததாக 2022-இல் ஒப்புக்கொண்டது. அது பல்லாண்டுகளாக, 2003-க்கும் முன்னிருந்தே நடந்து வந்தது என்பது பின்னர் வெளிவந்தது. அதை விசாரித்த குழு சுட்டிய காரணங்களுள் ஒன்று நம் சிந்தனைக்குரியது: இயலாததை இயலாது என்று மேலிடத்துக்குச் சொல்ல முடியாத சூழல். அறிந்தவன் பேச அஞ்சும் இடத்தில் பொய் தானாகவே உற்பத்தியாகிறது. மனிதர்க்கிடையேயுள்ள உறவுகள் சந்தையில் பொருள்களுக்கிடையேயுள்ள உறவுகளாய்த் தோற்றம் கொள்கின்றன என்று மார்க்ஸ் விளக்கினார். பழுதான எஞ்சினும் அத்தகையதே. இரும்பின் நோயாக நாம் காண்பது, எங்கோ ஒருவரது இலாபத்துக்கும் இன்னொருவரது அச்சத்துக்கும் இடையே நிகழ்ந்த உறவின் விளைவு.

மூடிக் கிடக்கும் பொருளுக்குச் செய்தவனே பொறுப்பு என்ற நீதி எளிதில் பிறந்துவிடவில்லை. 1928-இல் ஸ்கொத்லாந்தின் பெய்ஸ்லி நகரில் ஒரு பெண், தோழி வாங்கிக் கொடுத்த இஞ்சிப் பானத்தை அருந்தினார். போத்தல் உள்ளே தெரியாத இருண்ட கண்ணாடி. மீதியை ஊற்றியபோது அழுகிய நத்தையொன்று வெளிவந்ததாகவும், அதனால் தாம் நோயுற்றதாகவும் அவர் முறையிட்டார். பானத்தை வாங்கியவர் அவரல்லர்; ஆகவே ஒப்பந்தம் இல்லை. எனினும் 1932-இல் பிரித்தானியப் பிரபுக்கள் சபை, இடையில் எவரும் திறந்து பார்க்க முடியாதபடி பொருளை அனுப்புகிறவன் அதை இறுதியில் பயன்படுத்துபவனுக்குக் கடமைப்பட்டவன் என்று தீர்த்தது. நமது செயலால் பாதிக்கப்படக்கூடியவன் எவனோ அவனே சட்டத்தின் கண்ணில் நமது அயலவன் என்ற கருத்தை நீதியரசர் அட்கின் அங்கே நிலைநாட்டினார். டோக்கியோவில் எஞ்சின் வரைபவனுக்குக் கல்முனை மீன் வியாபாரி அயலவன் என்பதே இதன் முழுப்பொருள்.

ஆனால் சட்டம் அந்த முழுப்பொருளுக்கு அஞ்சுகிறது. உடலுக்கு நேர்ந்த தீங்கை அது எளிதில் காண்கிறது. எஞ்சின் மெல்ல இறந்து ஒரு குடும்பத்தின் வருவாய் நின்றுபோவதை அவ்வழியில் காணத் தயங்குகிறது. நம் நாட்டின் 1896-ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டமோ, வாங்குபவன் விழிப்பாயிருக்க வேண்டும் என்ற பழைய ஆங்கிலக் கோட்பாட்டின் மேல் நிற்பது. அதில் உள்ள விதிவிலக்குகளையும் ஒப்பந்தத்தின் சிறிய எழுத்துகள் விழுங்கிவிட முடியும். 2003-இல் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை பிறந்தது, முறையிட வழியுண்டு. எனினும் தனி மனிதன் தனி முறைப்பாட்டோடு போகும்வரை, அவன் எதிரில் நிற்பது கொம்பனியின் முழு அறிவும் முழுப் பலமும். விழிப்பாயிரு என்று கண் மூடப்பட்டவனுக்குச் சொல்வதில் என்ன நியாயம் உண்டு?

இனி, தொடக்கத்தில் ஒத்திவைத்த கடினமான கேள்விக்கு வருவோம். அந்த வியாபாரி எஞ்சினை ஒருவாறு பழுதுபார்த்தார். முழுமையாகச் செய்யப் பணம் போதவில்லை. வண்டியை விற்றுத் தவணையை அடைக்க நினைத்தார். தட்டொலி கேளாதிருக்கத் தடித்த எண்ணெய் ஊற்றலாம். ஓடிய தூரம் காட்டும் கணக்கைக் குறைக்கலாம். இவற்றைச் செய்து கொடுப்போர் எங்கும் உண்டு. அவர் நம்மிடமே கேட்டார்: “எனக்குச் சொல்லித் தந்தா வித்தாங்க? நான் மட்டும் ஏன் சொல்லணும்?”

இக்கேள்வியைக் கேட்டவரை ஒழுக்கங்கெட்டவர் என்று தள்ளிவிட நமக்கு உரிமையில்லை. உண்மையைச் சொன்னால் விலை பாதியாகும், தவணை நிற்கும், வண்டியைக் கொம்பனி தூக்கிக்கொண்டு போகும். பொய்க்கு உலகம் கூலி கொடுக்கிறது. மெய்க்குத் தண்டம் விதிக்கிறது. இந்நிலையில் அவருக்கு மட்டும் அறம் போதிப்பது மிக மலிவான வேலை. ஆயினும் அவர் வாதத்தை ஏற்கவும் நம்மால் முடியவில்லை. ஏனெனில் அந்த வண்டியை அடுத்து வாங்கப்போகிறவன் அவரை ஏமாற்றிய கொம்பனியல்லன். அவரினும் ஒரு படி வறியவன். வண்டி பழையதாக ஆக விலை இறங்குகிறது. விலை இறங்க இறங்க அது மேலும் ஏழையின் கைக்குப் போகிறது. பழுது தண்ணீரைப்போல் பள்ளம் நோக்கியே ஓடுகிறது. மேலே செய்த வஞ்சனைக்கு நாம் கீழ்நோக்கிப் பழிவாங்குகிறோம்.

நபிகள் நாயகம் அவர்கள் சந்தையில் தானியக் குவியலொன்றினுள் கையிட்டுப் பார்த்த வரலாறு இக்கரையோரச் சிறுவர்க்கும் தெரியும். மேலே உலர்ந்திருந்தது, உள்ளே விரல்களில் ஈரம் பட்டது. மழை நனைத்துவிட்டது என்றான் விற்றவன். மக்கள் காணும்படி ஈரமானதை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்ட நபிகளார், ஏமாற்றுபவன் நம்மைச் சேர்ந்தவனல்லன் என்றார். இதில் நாம் பெரிதும் கவனியாத நுட்பம் ஒன்றுண்டு. தானியத்தை நனைத்தது அந்த மனிதனல்லன், மழை. நனைந்தமைக்கு அவன் மீது குற்றமில்லை. அவன் கேட்கப்பட்டது மறைத்தமைக்காக. நனைத்தது யார், மறைத்தது யார் என்பவை இரு வேறு கேள்விகள். முதற் கேள்வியில் குற்றமற்றவன் இரண்டாவதில் குற்றவாளியாகலாம். நம் வியாபாரியும் அந்தத் தானியக்காரனின் இடத்திலேயே நிற்கிறார்.

ஆனால் இந்த அளவுகோலை அவரோடு நிறுத்திவிடக் கூடாது. கொம்பனியின் முன் இதை வைத்துப் பாருங்கள். அங்கே மழையென்ற சாட்டுக்கும் இடமில்லை. நனைத்ததும் அதன் கை. அறிந்த பின் மறைத்தால் மறைத்ததும் அதன் கை. ஆதாயம் எவருக்கோ பொறுப்பும் அவருக்கே என்பது இஸ்லாமியச் சட்டவியலின் பழைய நெறிகளுள் ஒன்று. உற்பத்தியாளன், முகவர், லீசிங் கொம்பனி ஆகிய மூவரும் ஒவ்வொரு வண்டியிலும் ஆதாயம் கொள்கின்றனர். பொறுப்பு மட்டும் தவணை கட்டுபவனிடம் வந்து சேர்கிறது. ஏழையின் பொய்யை ஒழுக்கக்கேடு என்றும், பெருங் கொம்பனியின் மௌனத்தை வியாபார இரகசியம் என்றும் இரு பெயரிட்டு அழைப்பது நம் காலத்தின் இரட்டை நாக்கு. ஜெனரல் மோட்டார்ஸ் திரும்ப அழைத்த வண்டிகளுள் பரிசோதனையில் தேறியவற்றுக்கு விதித்த பரிகாரம் தடித்த எண்ணெய்தான் என்பதை வாசகர் அறிந்தால் முறுவலிக்கலாம். அது தேய்வைக் குறைக்கும் நோக்கோடு வெளிப்படையாக அறிவித்துச் செய்யப்பட்டது. கல்முனைக் கராஜில் ஊற்றப்படுவதும் தடித்த எண்ணெயே. செயலொன்று, சொல்லிச் செய்வதும் சொல்லாமற் செய்வதுமே அதை மருந்தாகவும் வஞ்சனையாகவும் ஆக்குகின்றன.

ஆகவே நம் முடிவு இது. குறையை மறைத்து விற்கலாகாது. ஆனால் அக்கட்டளையை நிறைவேற்றும் வலு தனி மனிதனுக்கு வாய்க்கும்படி செய்வது சமுதாயத்தின் கடமை. ஈரத் தானியத்தை மேலே வைப்பவன் பட்டினி கிடக்க நேரும் சந்தையில், நேர்மை சிலரது வீரமாக இருக்குமேயன்றிப் பலரது வழக்கமாக ஆகாது.

அவ்வலுவைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. கராஜ்காரரின் ‘நாலஞ்சு வண்டி’ என்ற வாக்கியத்திலேயே அதன் வித்து இருக்கிறது. வண்டி வைத்திருப்போரும் சாரதிகளும் கராஜ் தொழிலாளரும் சேர்ந்து ஊருக்கு ஒரு பதிவேடு வைக்கட்டும்: எந்த ஆண்டு வண்டி, எத்தனை கிலோமீற்றரில், எந்த உறுப்பு, என்ன சேதம். இதற்கு எழுதத் தெரிந்த கையும், மாதம் ஒருநாள் ஓய்வும் போதும். கல்முனை முதல் அக்கரைப்பற்று வரை ஆசிரியரும் மாணவரும் இல்லாத தெரு எது? விஞ்ஞானம் படிக்கும் மாணவன் அப்பதிவேட்டைத் தொகுக்கலாம். சட்டம் படிப்பவன் அதை முறைப்பாடாக்கலாம். நூறு பெயர் கொண்ட ஏடு ஒன்றோடு அதிகார சபையின் வாயிலில் நிற்பவரிடம், டீசல் கெட்டது, சாரதி கெட்டவன் என்று நூறு முறை சொல்ல எவராலும் முடியாது. உற்பத்தியாளனையே நேரே பொறுப்பாக்கும் சட்டமும், பிறநாட்டுத் திரும்ப அழைத்தல்களை இங்கே ஓடும் வண்டிகளுக்கும் அறிவிக்கும் கடமையும், அந்த ஏட்டின் அடுத்த பக்கங்கள்.

அந்த வியாபாரி இறுதியில் வண்டியின் குறையைச் சொல்லியே விற்றார். விலை குறைந்தது. மீதிக் கடன் இன்னும் அவர் தலைமேல் இருக்கிறது. இப்போது இன்னொருவரின் கெப்பில் நாட்கூலிக்கு ஓடுகிறார். அவரை வாழ்த்துவது எளிது. அவர் தனியே செலுத்திய அந்த விலையை நாம் எல்லோரும் பகிர்ந்துகொள்ள வேண்டியதன் நியாயத்தை உணர்ந்து செயலில் இறங்குவதே அவருக்குச் செய்யும் மரியாதை.